டிரெஸ்டன் பாலமும் வரலாற்றேடுகளும்

ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்தில் எல்பெ ஆற்றின் குறுக்கே எழுந்த வால்ட்ஷ்லோஸ்ஹென் பாலத்தைப் பற்றி எழுதுவோர் பலர், 2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்த வாக்கெடுப்பிலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். வாக்களித்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் பாலம் வேண்டும் என்றனர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வாற்றுப் பள்ளத்தாக்கை உலக மரபுரிமைப் பட்டியலினின்றும் நீக்கிற்று. ஆகவே, அந்நகர மக்கள் பட்டத்தைத் துறந்து பாலத்தைக் கொண்டனர் என்பது அவர்தம் முடிபு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை.

வாக்குச் சீட்டில் வினவப்பட்டது பாலம் கட்டுவதை ஆதரிக்கிறீர்களா என்பதே. பட்டத்தைப் பற்றிய வினாவே அதில் இல்லை. ஆபத்துக்குள்ளான மரபிடங்களின் பட்டியலில் அப்பள்ளத்தாக்கு ஏறியது 2006இல், அஃதாவது வாக்கெடுப்பு முடிந்து ஓராண்டுக்கு மேலான பின்னர். கேளாத வினாவுக்கு மக்கள் விடை கூறினர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

முந்தைய ஏடுகளைப் புரட்டினால் செய்தி இன்னும் சிக்கலாகிறது. பாலத்துக்கு அரசாங்க அனுமதி கிடைத்தது 2004 பிப்ரவரியில். மரபுரிமைப் பட்டம் கிடைத்ததோ அதே ஆண்டு ஜூலையில். எனவே பாலத் திட்டம் பின்னர் நுழைந்த புதுமையன்று. பட்டத்துக்குப் பரிந்துரைத்த வல்லுநர் மதிப்பீட்டிலேயே பாலம் இடம்பெற்றுள்ளது. ஆனால் எவ்வாறு? நகர நடுவிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில், ஆறு ஓடிச் செல்லும் திசையில் அமையப் போவதாக! உண்மையிலோ அஃது ஆறு வரும் திசையில், பள்ளத்தாக்கின் எழில்மிக்க புல்வெளிகளுக்கிடையே அமைவது. மேல், கீழ் என்னும் சொற்கள் திசைகளையும் குறித்து மயக்கும் நம் மொழியில் இப்பிழை நேர்ந்திருப்பின் வியப்பில்லை. ஆறு ஓடும் போக்கை நன்கறிந்த வல்லுநர் ஏட்டில் நேர்ந்ததே வியப்பு.

திட்டத்தை மறைக்கவில்லை என்று நகரத்தார் வாதிட்டதும் மெய். தாம் ஏற்றுக்கொண்டது இந்த இடத்துப் பாலத்தையன்று என்று யுனெஸ்கோ தரப்பு கருதியதும் மெய். ஒரு சொல்லின் பாடபேதம் பொருளையே புரட்டுவதை ஏட்டுச் சுவடிகளில் கண்ட நம் ஆசிரியர்க்கு இது புதிதன்று. ஆயினும் பழி முழுவதையும் அப்பிழை மீதே சுமத்துவது தகாது. 2006இல் நகர மன்றம் பணியை நிறுத்த முனைந்தபோது, மக்கள் தீர்ப்பு கட்டுப்படுத்தும் எனக் கூறி மேலதிகாரிகள் தடுத்துவிட்டனர். பாலத்துக்கு மாற்றாகச் சுரங்கப்பாதை என்னும் யோசனையும் ஏற்கப்படவில்லை. பிழை வெளிப்பட்ட பின்னும் திருத்த வழியிருந்தது என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

2007இல் தொடங்கிய பணி 2013இல் நிறைவுற்றுப் பாலம் திறக்கப்பட்டது. 2016இல் ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், இயற்கை வாழிடங்களுக்கு நேரும் தீங்கைப் போதிய அளவு ஆராயாமல் 2004இல் அளிக்கப்பட்ட அவ்வனுமதி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த அன்றும் பாலத்தின் மீது வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.