கார்க் கண்ணாடிக்குள் ஒரு காடு

‘மசினகுடி வழியே ஊட்டி’ என்று மலையாள ரீல்ஸ்கள் கிளப்பிவிட்ட மோகம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொங்கு நாட்டுக்கும் வந்துவிட்டது. சனிக்கிழமை விடிகாலையில் துடியலூர் வழியே மலையேறும் கார்களில் பலவும் இப்போது ஊட்டியோடு நிற்பதில்லை. கூடலூருக்கு இறங்கி, தொரப்பள்ளி சோதனைச்சாவடி தாண்டி, தெப்பக்காடு, மசினகுடி என்று சுற்றி, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திரும்புகின்றன. தெப்பக்காட்டு யானை முகாமைப் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியதும் கூட்டம் கூட இன்னொரு காரணம் கிடைத்தது. இந்தப் பழக்கத்துக்கு ஒரு தத்துவமும் தயாராக இருக்கிறது: விலங்கைக் கண்ணால் கண்டால்தான் மனிதன் காட்டை நேசிப்பான், காருக்குள் இருந்து பார்ப்பதால் யாருக்கும் தொல்லை இல்லை.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மூட்டுவலிப் பாட்டியும் கைக்குழந்தையும் காட்டெருமையைப் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. இறங்கி நிற்கும் மனிதனைவிட ஓடும் வண்டியை விலங்குகள் குறைவாகவே பொருட்படுத்தும் என்பதும் சரிதான்.

ஆனால் நாம் எந்த மாதிரிச் சாலையில் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். 1966-ல் இங்கிலாந்தின் லாங்லீட்டில் சிங்கங்களுக்கு நடுவே கார் ஓட்டவிட்டார்கள். அவை வேலிக்குள் வைத்த சிங்கங்கள். தென்னாப்பிரிக்காவின் குரூகரில் விலங்குகள் தம்போக்கில் திரிகின்றன. அங்கே வாயில், கட்டணம், வேக வரம்பு, மாலையில் அடைப்பு எல்லாம் உண்டு. தெப்பக்காடு இருக்கும் முதுமலைக் காட்டுக்குள் ஓடுவதோ 181-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. துடியலூர் வழியாகப் போகும் அதே சாலை. காய்கறி லாரிக்கும் மைசூர் பேருந்துக்கும் உரிய பாதையை நாம் சஃபாரி ஆக்கிக்கொண்டோம்.

இதையெல்லாம் சட்டத்தை இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தால் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது: கார் நமக்குப் பழக்கிவிடும் பார்வை. இது என் நெடுநாள் மனத்தாங்கல்.

யானைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடப்பதைக் கவனியுங்கள். மூத்த பெண்யானை உண்ணிப் புதருக்குள்ளிருந்து முதலில் வந்து ஓரமாக நிற்கும். துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிக்கும். அது நகர்ந்த பிறகே குட்டியை நடுவில் விட்டு மற்றவை வரும். இந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் கார்கள் நெருங்குகின்றன. விசிறிக்கொண்டிருந்த காதுகள் அசைவற்று விரிந்து நிற்கின்றன; வால் விறைக்கிறது. விலகிப் போ என்று அது சொல்வது இருளர் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் புரியும். காரில் இருப்பவரோ நல்ல படம் கிடைத்தது என்று கண்ணாடியை இறக்குகிறார்.

காட்டில் நடப்பவனுக்குப் பயம்தான் ஆசான். புது லத்தியின் வாசம், ஒடிந்த மூங்கில், குரங்கின் எச்சரிக்கைக் குரல் எல்லாம் அந்தப் பயத்தின் வழியே மனதில் பதிபவை. ஏசியும் பாட்டும் ஓடும் வண்டிக்குள் இவை எதுவும் நுழையாது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு படமெடுக்க நெருங்கியவர் மிதிபட்டு உயிர் தப்பினார். 25,000 ரூபாய் அபராதமும் கட்டினார். அவரை முட்டாள் என்று ஊரே சிரித்தது. அவர் செய்தது, கார்ப் பார்வை கற்றுக்கொடுத்ததை இறங்கி நின்று செய்ததுதான்.

யானையும் பழகுகிறது. ஆசனூர், காராப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையில் நிற்கின்றன. உதிர்ந்த கரும்பும் இரக்கப்பட்டு வீசிய கரும்பும் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இந்தப் பார்வை மசினகுடியோடு நின்றால்கூடப் போகட்டும். நம்மோடு வீடு வந்து சேர்கிறது. துடியலூருக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கு யானைகளின் வழித்தடம். செங்கல் சூளைகள் மண்ணைத் தோண்டிக் குதறிய அந்த இடத்தில் 2021-ல் சூளைகளை மூட வைத்தார்கள். அங்கிருந்து பன்னிமடை, வரப்பாளையம் பக்கம் யானை இறங்கினால், வனத்துறை ஆட்கள் வருமுன்னே செல்போன் வெளிச்சத்தோடு கூட்டம் கூடிவிடுகிறது. முதுமலையில் தரிசனம் தந்த யானை இங்கே வந்தால் ‘அட்டகாசம்’. யானையால் வாழைத்தோட்டத்தை இழந்த விவசாயிக்கு இழப்பீடு உயர வேண்டும் என்று மசினகுடி போய்வந்தவர் எவரும் பேசி நான் கேட்டதில்லை. கண்டால் நேசம் வரும் என்றால், இத்தனை கார்கள் போய்வந்த பிறகு கொங்கு நாட்டில் யானைக்கு எவ்வளவு ஆதரவு பெருகியிருக்க வேண்டும்!

நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் இருக்கிறது. இன்னும் ஒரு படி போய், தெப்பக்காடு–மசினகுடி சாலையில் வேடிக்கைக்காக வரும் வெளியூர்க் கார்களை நிறுத்திவிடலாம். உள்ளூர்க்காரரும் பேருந்தும் சரக்கு வண்டியும் போனால் போதும். யானை பார்க்க ஆசைப்படுபவர் வனத்துறை வேனில் ஏறட்டும். ஒன்றும் தென்படாவிட்டால் சும்மா திரும்பட்டும். அதற்குக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பவருக்காகக் காட்டின் சாலையைத் திறந்து வைக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.