கல்லுக்கு ஏற்றும் சலைன்

மருந்துக் கடையில் சலைன் ஏற்றும் குழாய் ஒன்று கேட்டபோது, "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று விசாரித்தார் கடைக்காரர். கல்லுக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார்? ஏதோ முனகிவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக் கொட்டகையில் ரத்தினக் கல் தேய்க்க நான் கட்டிய சாணை இயந்திரத்தில் விலை மிகக் குறைந்த உறுப்பு அந்தக் குழாய்தான். எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். அதிலுள்ள சிறு உருளையைக் கட்டைவிரலால் ஒரு நூல் அளவு நகர்த்தினால் துளியின் வேகம் மாறும். நொடிக்கு இரண்டு துளி என்று வைத்தால் இரண்டுதான் விழும். விழுவதை எண்ணிப் பார்க்க நடுவில் ஒரு கூடு வேறு. சாணைத் தட்டு கேட்பதும் இவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் கல் சூடேறி விரிசல் விடும்; தூள் காற்றில் கிளம்பி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். கூடினாலோ, சட்டையெல்லாம் சேறு.

தெருவில் கத்தி சாணை பிடிப்பவரின் சக்கரம் நின்றபடி சுற்றும், விளிம்பு தேய்க்கும். இந்தத் தட்டு படுத்தபடி சுற்றும், முகம் தேய்க்கும். அதனால் கல்லுக்கும் தட்டையான முகம் கிடைக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த வாஷிங் மெஷின் மோட்டார்தான் இதைச் சுழற்றுகிறது. நான்கு துருவ மோட்டார். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும். அதில் 2 அங்குலப் புல்லி, தட்டின் தண்டில் 4 அங்குலப் புல்லி, நடுவில் ஒரு வி-பெல்ட். வேகம் பாதியாகி 700-ஐ ஒட்டி நிற்கிறது. துணி துவைத்த மோட்டார் என்பதால் முன்னும் பின்னும் சுற்றத் தெரியும். ஒரு சுவிட்சைத் தட்டினால் திசை மாறிவிடும். இலங்கை ரத்தினபுரியில் வில்லை இழுத்து ஓட்டும் பழைய சாணை ஒன்று உண்டு, ஹனபொருவ என்பார்கள். வலக்கை வில்லை இழுக்க இழுக்கச் சக்கரம் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சுற்றும். இடக்கை கல்லைப் பிடித்திருக்கும். அந்தக் கைகளின் பழக்கம் என் மோட்டாருக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்வதில் ஒரு அற்ப சந்தோஷம்.

தட்டு செய்த கதைதான் ருசியானது. வைரத்தூள் பூசிய தகடுகள் 6 அங்குல அகலத்தில் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அவை மெல்லியவை. அடியில் கெட்டியான அலுமினியத் தட்டு ஒன்று தாங்க வேண்டும். அடித்தட்டு எவ்வளவு சமமோ அவ்வளவுதான் மேல்தகடும் சமம். தண்டைத் தனியாகவும் தட்டைத் தனியாகவும் கடைந்து தரும்படி லேத் பட்டறை அண்ணனிடம் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தனித்தனியாக் கடைஞ்சு மாட்டுனீங்கன்னா ரெண்டு தப்பும் சேந்துக்கும்ங்க. ஒண்ணா மாட்டிக் கடைஞ்சா ஒரே தப்புதான். அதுவும் வெளிய தெரியாது."

தண்டில் தட்டை இறுக்கிப் பூட்டி, பேரிங் உட்காரும் இடத்தையும் தட்டின் முகத்தையும் ஒரே பிடிப்பில், கழற்றாமல் கடைந்தார். வெள்ளி நாடாபோலச் சீவல் சுருண்டு விழுந்தது. கடைசிச் சீவலுக்குக் கையைக் கொஞ்சம் தளர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். பிறகு டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டினார். முள் இரண்டு கோடு அசைந்தது, 0.02 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அவருக்கு அது போதவில்லை. முள் அசைந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அசைவு ஏன் முக்கியம் என்பது விரலுக்குத்தான் தெரியும். 1,200 எண் தகட்டில் இருக்கும் வைரப்பொடி ஏறக்குறைய 15 மைக்ரான். தட்டு அதைவிடப் பல மடங்கு ஆடினால் கல் தேயாது, அடிபடும். நொடிக்கு 12 முறை நுனிவிரலில் ஒரு தட்டல். தனித்தனியாகக் கேட்காது, ஒரு முனகலாக எலும்பில் ஏறும். என் முதல் தட்டு அப்படித்தான் முனகியது. அது நான் ஆணியும் பசையுமாக ஒட்டிய பிளைவுட் தட்டு. இரண்டு வாரத்தில் தண்ணீர் குடித்து அப்பளமாக உப்பிவிட்டது.

தண்ணீர் பேரிங்குக்குள் இறங்காமல் காப்பதில் இன்னொரு அழகு உண்டு. பிளாஸ்டிக் பேசினின் நடுவில் துளையிட்டு, தண்டைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டை நட்டுப் பசை வைத்தேன். அந்தக் குழாயின் வாய்க்கு மேல், தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு கவிழ்த்த மூடி. மூடியின் ஓரம் குழாயின் வெளிப்புறமாகக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். ஒன்றை ஒன்று தொடுவதே இல்லை. தொடாததால் தேய்மானமும் இல்லை. மேலே விழும் தண்ணீரைச் சுழலும் மூடி வெளியே வீசிவிடும். தேங்குவது குழாயின் உயரத்தை எட்டுமுன் வடிகால் வழியே போய்விடும். கூரை ஓட்டின் தாழ்வாரம் செய்கிற வேலைதான். மோட்டாரை மட்டும் பேசினுக்கு அடியில் வைக்காமல், தள்ளி, உயரத்தில் வைத்தேன். கொட்டகைக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்டாயிற்று. தண்ணீரும் மின்சாரமும் பழகும் இடத்தில் ரசனை மட்டும் காப்பாற்றாது.

முதலில் தேய்த்தது காங்கேயத்துச் சந்திரகாந்தக் கல். இந்த வட்டாரத்துக்குக் கல் புதிதில்லை. நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது வெட்டாத கல், பாதி தேய்ந்த மணி, முடிந்த மணி என்று எல்லாப் பருவத்திலும் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்பார்கள்.

சந்திரகாந்தத்துக்குள் பொட்டாசியம் வகையும் சோடியம் வகையுமாக இரண்டு பெல்ஸ்பார்கள் மாறி மாறி ஏடு ஏடாகப் படிந்திருக்கின்றன. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க மெல்லிய ஏடுகள். ஒளி அவற்றில் சிதறுவதால்தான் உள்ளே பால் மிதக்கிறது. கல்லின் அடிமுகத்தை அந்த ஏடுகளுக்கு இணையாகத் தேய்த்தால் நிலா உச்சியில் உதிக்கும். கோணம் தவறினால் ஓரத்தில் சரிந்துவிடும். ஆக, யாரும் பார்க்காத அடிமுகத்தில்தான் நிலவின் இடம் முடிவாகிறது.

அடிமுகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, 180 எண் தகட்டில் வைத்தேன். கரகரவென்ற சத்தம். தட்டின் விளிம்பு நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. நட்ட நடுப்புள்ளி இருந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆகவே கல்லின் வெளிப்பக்கம் எப்போதும் கூடுதலாகத் தேயும். கல்லைத் திருப்பிக்கொண்டே உள்ளும் புறமுமாக நகர்த்த வேண்டும். எடுத்துப் பார்த்தால் நடுவில் கோடு மிச்சமிருக்கும். மறுபடி வைத்தால் ஒரு மூலையில் மட்டும் மிச்சம். கடைசிக் கோடும் மறையும்போது ஒரு சமம் பிறக்கிறது.

அடுத்து 600. கல்லைக் கால் திருப்பு திருப்பிப் பிடித்தால் புதுக் கீறல்கள் பழையவற்றைக் குறுக்கே வெட்டும். எது பழையது என்று கண்ணுக்குத் தெரியும். சத்தம் சரசரப்பாக இறங்கும். 1,200-இல் பட்டுப்புடவை உரசுகிற ஓசை. 3,000-இல் மோட்டாரின் மூச்சு மட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் பேசின், தகடு, கை எல்லாம் கழுவ வேண்டும். நகக்கண்ணில் ஒளிந்த ஒரே ஒரு 180 பொடி போதும், அரை நாள் வேலையை அழிக்க.

மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு. செங்கல் பொடிபோல இருக்கும் அதைத் தண்ணீரில் குழைத்துக் கம்பளித் தட்டில் தடவினேன். ஈரம் காயக் காயக் கல்லைத் தட்டு தன் பக்கம் இழுக்கும். விரலிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். மெருகு ஏறுவது அந்த இழுப்பில்தான். ஆனால் சூடு ஏறுவதும் அங்கேதான், சந்திரகாந்தமோ பிளவுபடும் சுபாவம் கொண்ட கல். இழுப்பை உணர்ந்த நொடி கையை எடுத்து, கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தேன்.

ஈரக் கல் பொய் சொல்லும்; கீறல்களைத் தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும். துடைத்து, உலர விட்டு, டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்தேன். குழல் விளக்கு வெள்ளைக் கோடாகக் கல்லில் விழுந்தது. கல்லை மெல்ல நகர்த்தினேன். கோடும் நேராக நகர்ந்தது. ஓரத்துக்கு வரும்போது மட்டும் ஒரு இடத்தில் மயிரிழை முறிந்தது. 180-இன் கீறல் ஒன்று மூன்று தகடுகளையும் தப்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

கம்பளித் தட்டைக் கழற்றி, பேசினைக் கழுவி, நகங்களைத் தேய்த்து, மறுபடி 600-ஐ மாட்டினேன். சலைன் உருளையை ஒரு நூல் நகர்த்தினேன். நொடிக்கு இரண்டு துளி.