பூங்குன்றனாரின் இரண்டாம் அடி

வெளிமாநிலத் தமிழ்ச் சங்க மலர் எதைப் புரட்டினாலும் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல் (192) கண்ணில் படும். எல்லா ஊரும் நம் ஊரே என்னும் அதன் முதல் அடியை அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொன்னார். பிரதமர் மோடி 2019இல் ஐ.நா. பொதுச் சபையில் சொன்னார். நமக்கெல்லாம் உடம்பு சிலிர்த்தது. அந்த அடி உண்மையா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். உலகம் இப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை அது. ஆசையைத் தராசில் நிறுக்க முடியாதுங்க.

எனக்குச் சிக்கல் இரண்டாம் அடியில்தான். நன்மையும் தீமையும் பிறர் தருவதால் வருவதில்லை என்பது அதன் கருத்து. இது உலக நடப்பைப் பற்றிய கூற்று. ஆகவே நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கடையை இழந்து நின்றவரிடம் போய் இந்த அடியைச் சொல்ல நமக்கு வாய் வருமா?

"வினைப்பயனை நம்பும் சமணர் நீங்க, இப்படிக் கேட்கலாமா?" என்பார்கள். கேட்கலாம். பிறரால் தீமை வராது என்பதே முழு உண்மையானால், எங்கள் சமயத்தின் முதல் விரதமாகக் கொல்லாமை எதற்கு? என்னால் இன்னொரு உயிருக்குத் தீங்கு நேரும் என்பதால்தானே! குந்தகுந்தர் தம் சமயசாரத்தில் இரண்டு நயங்களை, அதாவது பார்வைகளைச் சொல்கிறார். உயிரின் மெய்யியல்பைப் பார்ப்பது நிச்சய நயம். உலக நடப்பைப் பார்ப்பது வியவகார நயம். முதலாவதில் பொருந்தும் சொல்லை இரண்டாவதில் அப்படியே போட்டால் கணக்கு உதைக்கும்.

பூங்குன்றனார் இதை அறிந்தே பாடியிருக்கிறார். வாழ்வை இனிது என்று நாங்கள் மகிழ்வதும் இல்லை, கொடிது என்று வெறுப்பதும் இல்லை என்று தன்மையிலேதான் பேசுகிறார். அடிபட்டவனைப் பார்த்து "உன் வினை" என்று அவர் சொல்லவே இல்லை. பெரியோரை வியப்பதைவிடச் சிறியோரை இகழ்வது இன்னும் கூடாது என்றல்லவா பாட்டை முடிக்கிறார்!

ஆகவே பொன்மொழி நெஞ்சைத் தொட்டால் மட்டும் போதாது. யார், யாருக்குச் சொல்வது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த அடியை எனக்கு நானே சொல்லிக்கொண்டால் தெம்பு வரும். துன்பப்பட்டவருக்குச் சொன்னால் பழி சுமத்தியதாகும். அடுத்த மலரிலாவது இரண்டு அடியோடு நிறுத்தாமல் பதின்மூன்று அடிகளையும் அச்சிடுங்கள். நம் பிள்ளைகள் கடைசி அடிவரை படிக்கட்டும்.