பஞ்சு ஒட்டிய படங்கள்

அமெரிக்கப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1908இல் வட கரோலினா நூற்பாலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளை எடுத்த படங்களைச் சட்டெனப் புரட்டிவிட முடிவதில்லை. கண்ணாடித் தகட்டில் பதிந்தவை அல்லவா, பெரிதாக்கப் பெரிதாக்க விவரம் கூடுகிறது. கதிரில் இறுகச் சுற்றிய நூல், தேய்ந்த பலகைத் தரை, உடுப்பில் ஒட்டிய பஞ்சு. எல்லாமே அபாரம் என்று சொல்ல மாட்டேன். ஆலை வாசலில் வரிசையாக நிறுத்தி எடுத்தவை சில சாதாரணம்தான். உள்ளே, இயந்திரங்களுக்கு நடுவே ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தும்போதுதான் கைத்திறன் தெரிகிறது. முகம் துல்லியம், பின்னால் கதிர்கள் மெல்ல மங்கிக்கொண்டே போகின்றன.

எனக்கு இன்னும் பிடித்தது அவருடைய கள்ளத்தனமான பொறுமை. தன் கோட்டுப் பொத்தான்களை அளவுகோலாக வைத்துப் பிள்ளைகளின் உயரத்தைக் கணித்து, பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வாராம். விட்னல் என்ற ஆலையில் எடுத்த ஒரு சிறுமியின் படக்குறிப்பில் உயரம் 51 அங்குலம், நாள் கூலி 48 சென்ட், சில சமயம் இரவு வேலையும் உண்டு என்றிருக்கிறது.