முதல் காசு மைக்குக்கே!

ஆன்லைனில் யோகா சொல்லிக்கொடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றே: முதலில் மைக் வாங்குங்கள். கையிலிருக்கும் காசில் பெரும்பகுதியை அதில் போடுங்கள். மிச்சத்தில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்ஹால்தான் என் வகுப்பறை. விடிகாலை ஐந்தரைக்கு வகுப்பு. அந்நேரம் சிங்கப்பூரில் காலை எட்டு மணி. டொரன்டோவில் கோடைகாலம் என்றால் முந்தைய நாள் இரவு எட்டு. ஒருவர் குளித்துவிட்டு வந்து உட்கார்கிறார், இன்னொருவர் சமையலறையை ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்கிறார். எல்லோருக்கும் ஒரே மூச்சுக் கணக்கு! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூரிப்பு தாங்காது. அந்தப் பூரிப்புக்குக் காரணமான சாமான்களைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மைக் ஏன் முதலில்? பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலை நோக்கி இறங்கிவிட்டது. கண் திரையில் இல்லை. அதோமுக சுவானாசனத்தில் தலை கவிழ்ந்திருக்கிறது. சர்வாங்காசனத்தில் கண்ணுக்குத் தெரிவது சொந்தக் கால்விரல்கள். சவாசனத்தில் கண்ணே மூடியிருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் மாணவர் நம் படத்தைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அவரை நடத்திக்கொண்டு போவது குரல். நேர் வகுப்பில் தோளைத் தொட்டு, "இங்கே தளர்த்துங்க" என்று சொல்லிவிடலாம். இங்கே அந்தக் கையும் குரல்தான்.

1938-இல் மைசூரில் எடுத்த ஒரு பழைய படம் இருக்கிறது. கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய சீடர் பி.கே.எஸ். அய்யங்காரும் ஆசனங்கள் செய்து காட்டும் கறுப்பு வெள்ளைப் படம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அது பேசாப் படம். உடல் வளைவதும் நிமிர்வதும் தெரிகிறது. கிருஷ்ணமாச்சாரியாரின் குரல் எந்த இடத்தில் மூச்சை எண்ணியது, எந்த இடத்தில் நிறுத்தியது என்பது தெரியாது. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, நூறு வயதைத் தொட்டு, 1989-இல் மறைந்த அந்தப் பெரியவர் மூச்சையும் அசைவையும் எப்படி இணைத்தார் என்பதுதானே அவர் பாடத்தின் உயிர்? படம் மட்டும் இருந்தால் எது விட்டுப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"லேப்டாப்பிலேயே மைக் இருக்கிறதே?" என்பார்கள். மேசை முன்னால் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அது தாராளமாகப் போதும். யோகா ஆசிரியர் நிற்பதோ பத்தடி தள்ளி. ஒலிக்கு ஒரு கணக்கு உண்டு: தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அப்படிப் பார்த்தால் வாயிலிருந்து இரண்டு அங்குலத்தில் இருக்கும் மைக்குக்கும் பத்தடியில் இருக்கும் மைக்குக்கும் சுமார் 35 டெசிபல் வித்தியாசம். அந்தப் பத்தடிக்குள் சீலிங் ஃபேன் சுற்றுகிறது, வாசலில் பால்காரர் பைக் நிற்கிறது, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு. லேப்டாப் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். குரலை உயர்த்தினால் சரியாகிவிடுமா? "மெதுவாக மூச்சை விடுங்கள்" என்பதைக் கத்திச் சொல்ல முடியாது!

புளூடூத் இயர்போனும் உதவாது. அதிலுள்ள மைக்கை இயக்கிய உடனே ஒலி போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். காலர் மைக் நல்ல சாமான். போயா பிஒய்-எம்1 மாதிரி ஆறு மீட்டர் ஒயரோடு வரும் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. உட்கார்ந்து பிராணாயாமம் மட்டும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இன்றைக்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு உடம்பில் நீள ஒயர் ஆகாது. குனிந்தால் சட்டை தொங்கி மைக்கின் மேல் விழும், கரகரவென்று உரசும்.

எனக்கு வாய்த்த வரம், காதில் மாட்டும் ஹெட்செட் மைக். மெல்லிய கம்பி காதுக்குப் பின்னால் வளைந்து கன்னத்தோரமாக வருகிறது. நுனியில் மிளகளவு மைக், அதன் மேல் ஒரு சின்னப் பஞ்சுத் தொப்பி. வாயோரத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி நிற்க வேண்டும். மூக்குக்கு நேர் கீழே போய்விட்டால் கபாலபாதியில் ஒவ்வொரு மூச்சும் படபடவென்று மைக்கில் அடிக்கும். இதன் ஒயர் போய்ச் சேர்வது ஒரு வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரில்; அதன் ஜோடி ரிசீவர் லேப்டாப்பில். வாங்கும்போது டிரான்ஸ்மிட்டரில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட் வயர்லெஸ் கோ 2-இல் இருக்கிறது. அந்தப் பெட்டியில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் வருவதால் ஒருவர் செய்து காட்ட, இன்னொருவர் விளக்கம் சொல்லலாம். டிரான்ஸ்மிட்டரை இடுப்புக்குப் பின்னால் செருகினால் மல்லாந்து படுக்கும்போது குத்தும். ஓடுகிறவர்கள் போனை வைத்துக் கட்டும் கைப்பட்டை கடைகளில் கிடைக்கிறதே, அதில் வைத்து மேற்கையில் கட்டிக்கொண்டால் சேதுபந்தாசனத்திலும் தொந்தரவில்லை. தலைகீழாக நின்றாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது. நின்றாலும் படுத்தாலும் குரல் ஒரே அளவில் போகிறது. என்ன அருமையான சாமான்!

சாமானை வாங்கினால் மட்டும் போதாது, ஜூமில் ஒரு இடத்தைத் தொட வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் துள்ளிக் குதித்தேன். பிராமரி செய்கிறோம், "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் நீள்கிறது. ஒரே சீராக நீளும் ஒலியை ஃபேன் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்குவதுதான் ஜூமின் இரைச்சல் நீக்கியின் வேலை. அதனால் பிராமரியும் ஓங்காரத்தின் கடைசி இழையும் உஜ்ஜாயி மூச்சின் உரசலும் மாணவர் காதுக்குப் போகும் முன்பே தேய்ந்துவிடும். ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கென்று 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அதை இயக்கிவிட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல்மூலையில் அது இயங்குகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் ரீங்காரம் முழுசாகப் போய்ச் சேரும். வாயருகே மைக் இருக்கிறவர்களுக்கு இரைச்சல் நீக்கி தேவையும் இல்லை.

டொரன்டோவிலிருந்து சேரும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, இந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் வகுப்பின் முடிவில் மைக்கைத் திறந்து, "பிள்ளை, பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. நீங்க மூச்சு விடுறதே கேக்குது" என்றார். நான் மூச்சு விடுவது அவருக்குக் கேட்கிறது! அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கடல், ஒரு கண்டம். என் மூச்சு நீளும்போது அவர் மூச்சும் நீள்கிறது. ஒரு யோகா ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

மைக்குக்கு அடுத்து அறை. சிவப்பு ஆக்சைடு தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் பேசினால் குரல் கணகணக்கும். அதற்குத் தனியாக ஃபோம் பலகைகள் விற்கிறார்கள். எனக்கு இரண்டு பவானி ஜமக்காளம் போதுமாக இருந்தது. ஒன்றைப் பின்சுவரில் திரைக்கம்பியில் தொங்கவிட்டேன், இன்னொன்றை கேமராவுக்குக் கீழே விரித்தேன். எதிரொலி அடங்கிவிட்டது. பின்னணியும் கண்ணுக்கு நிறைவு. கோடு போட்ட பக்கம் உடல் வளைவைக் குழப்பும் என்பதால் ஒற்றை நிறமாக மடித்துத் தொங்கவிடுவது நல்லது. மார்கழியில் தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கர் ஐந்து மணிக்கே பாட ஆரம்பிக்கும். வகுப்பில் அது தூரத்து இனிமையாகக் கேட்கிறதே தவிர என் குரலை அமுக்குவதில்லை.

அடுத்து நான் கொண்டாடும் பொருள், சுவரில் இருக்கும் நம் டிவி. பதினான்கு அங்குல லேப்டாப் திரையில் பத்தடி தள்ளி நின்று இருபத்தைந்து பேரைப் பார்த்தால் யார் முழங்கால் உள்ளே சாய்கிறது என்று தெரியவே தெரியாது. ஒரு நீளமான எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி லேப்டாப்பை 43 அங்குல டிவியில் இணைத்தேன். அப்பாடா! ஒவ்வொரு வீடும் கண்முன்னால் விரிந்துவிட்டது. திரிகோணாசனத்தில் ஒருவர் இடுப்பைப் பின்னால் தள்ளுவது தெரிகிறது, பெயர் சொல்லித் திருத்த முடிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் ஒரு முகம் மலர்கிறது பாருங்கள், அதற்காகவே டிவியைச் சீரியல்காரர்களிடமிருந்து காலையில் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம். கேமராவை டிவிக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். அப்போதுதான் அவர்களைப் பார்ப்பதும் கேமராவைப் பார்ப்பதும் ஒரே திசையில் இருக்கும்.

கேமரா விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். கைகளை மேலே தூக்கி நின்றால் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை ஏழடிக்கு மேல் வருகிறது. படம் 16:9 அகலவாக்கில் இருப்பதால் பக்கவாட்டில் இடம் தாராளம், இடிப்பது உயரம்தான். அதனால்தான் அந்தப் பத்தடி. லாஜிடெக் சி920 வெப்கேமில் பத்தடியில் தலையும் காலும் அடங்கிவிடுகின்றன. அடியிலேயே ட்ரைபாட் திருகும் துளை இருக்கிறது. இடுப்பு உயரத்தில் நிறுத்தினால் நின்று செய்வதும் படுத்துச் செய்வதும் இரண்டுமே தெளிவு. யூஎஸ்பி கேபிளை நீட்டித்தால் மொத்தம் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

கேமராவைவிட முக்கியம் பாய் விரிக்கும் திசை. குனிவதும் பின்னால் வளைவதும் பக்கவாட்டில்தான் புரியும். முதுகெலும்பின் கோடு அப்போதுதான் தெரியும். திரிகோணாசனத்துக்கு நேராகத் திரும்ப வேண்டும். வீரபத்ராசனத்துக்குப் பாயைக் கோணமாகப் போட்டால் முன் முழங்காலும் பின் குதிகாலும் ஒருசேரத் தெரிகின்றன. நிற்கும் ஆசனங்களுக்கு வழுக்காத ரப்பர் பாய். உட்கார்ந்து செய்யும் பிராணாயாமத்துக்கு எனக்குப் பத்தமடைப் பாய்தான். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் பத்தமடை. அந்த ஊர்க் கோரைப்பாயில் உட்கார்ந்து உலகின் மறுபக்கத்துக்கு நாடி சுத்தி சொல்லிக்கொடுப்பதில் திருநெல்வேலிக்காரிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. உடை ஒற்றை நிறமாக இருக்கட்டும். வெள்ளை வேண்டாம், விளக்கில் வெளுத்துவிடும். கறுப்பும் வேண்டாம், முழங்கால் மடிப்பு தெரியாது.

விளக்குக்கு ரிங் லைட் தேவையில்லை. அது முகத்துக்கு ஏற்றது, பத்தடிக்கு எட்டாது. நாலடி எல்இடி ட்யூப் லைட் இரண்டை கேமராவுக்குப் பின்னால் இரு பக்கமும் செங்குத்தாக நிறுத்தினேன். 20 வாட் போதும், இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் சரி. தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள், கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

இன்டர்நெட்டுக்கு வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வயர்லெஸ் மைக்கும் பல வைஃபைகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெருக்கியடிப்பதால் இதில் இரட்டை லாபம். ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் மாட்டினால் கரண்ட் போனாலும் வகுப்பு அறுந்துபோகாது; லேப்டாப்புக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே. போனிலும் அதே வகுப்பில் நுழைந்து அதைக் கோ-ஹோஸ்ட் ஆக்கி ஓரமாக வைத்துவிட்டால், லேப்டாப் தகராறு செய்தாலும் நிம்மதி. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டத்துக்கு 40 நிமிட வரம்பு உண்டு. சவாசனம் வரை அமைதியாக நடத்த வேண்டுமென்றால் கட்டணக் கணக்குதான் சரி.

ஆசிரியத் தோழிகளே, தோழர்களே, நல்ல கேமரா வரட்டும், ஸ்டுடியோ மாதிரி அறை அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள். மைக்கை வாங்கி மாட்டுங்கள், ஒரிஜினல் சவுண்டைத் திறந்துவிடுங்கள், வெளியூரிலிருக்கும் உங்கள் அக்காவையோ தோழியையோ அழைத்துக் கண்ணை மூடச் சொல்லி ஐந்து முறை பிராமரி செய்து காட்டுங்கள். ஐந்தும் கடைசி இழை வரை கேட்டது என்று அவர் சொல்லிவிட்டால், மறுநாள் காலையே வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.