குடும்ப நிழற்படமும் அகத்திணை மரபும்

வீட்டில் படம் எடுத்தற்குரிய பொருள் யாது என்று வினவினால், நம்மவர் பலரும் தரும் விடை ஒன்றே: விழா. திருமணம், பூப்பு நன்னீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள் என வீடு புத்தாடை உடுக்கும் நாளிலேதான் கேமராவும் வெளிவருகின்றது. ஏனைய நாட்கள் படத்துக்குரியன ஆகா என்பது எழுதாத சட்டம். இச்சட்டம் தமிழர் கலைக்கொள்கைக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அகப்பாடலை எடைபோடத் தொல்காப்பியர் தந்த அளவுகோல் முதல், கரு, உரி என்னும் மூன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். நிழற்படமும் ஓரிடத்தை, ஒரு பொழுதை, சில பொருள்களை, ஓர் உள்ளத்தை ஒரு சட்டத்துள் அடக்கிக் காட்டுவதாதலின், இவ்வளவுகோல் அதற்கும் பொருந்தும்.

முதலில் பழைய ஸ்டூடியோப் படத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு திரட்டி மின்வடிவில் காத்துள்ளனர். அவ்வகைப் படங்கள் பினாங்கு வீடுகளிலும் உண்டு. பின்னே திரைச்சீலையில் எழுதிய மாளிகைத் தூண், பக்கத்தில் பூச்சாடி, நாற்காலியில் தந்தை, அருகே தாய், இமை கொட்டாத பிள்ளைகள். இங்கே நிலம் அவர்களுடையதன்று. பொழுது இன்னதெனத் தெரியாது. கருப்பொருள் அனைத்தும் இரவல். உரிப்பொருளோ, ‘அசையாதே’ என்னும் ஆணைக்கு அஞ்சி ஒளிந்துகொண்டது.

இதற்காக அக்காலத்தாரைப் பழிப்பது முறையாகாது. நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் ஆயின. பின்னர் அந்நேரம் நொடிகளாகக் குறைந்தும் அசையா நிலை வழக்கமாக நின்றது. அன்றியும், பிறர் தோட்டத்தில் நாளெல்லாம் நின்று உழைத்தவருக்கு, தமக்கென ஒரு நாற்காலியில் அமர்ந்து படமாவது பெருமிதமே அன்றோ? அப்பெருமிதத்தை நாம் மதிக்கவேண்டும். எனினும் அப்படம் அவர்தம் வாழ்வைச் சொல்லவில்லை என்பதையும் மறுத்தல் இயலாது.

இனிக் குறுந்தொகை 167-ஆம் பாடலைக் காண்க. கூடலூர் கிழார் பாடியது. புதிதாய்க் குடித்தனம் நடத்தும் இளம்பெண் கட்டித் தயிரைப் பிசைகின்றாள். அவ்விரலை ஆடையில் துடைக்கின்றாள். அவ்வாடையைத் துவைக்காமலே உடுத்திருக்கின்றாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகின்றது. தான் துழாவிச் சமைத்த குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மிக நுட்பமாக மலர்கின்றது. விழா இல்லை, விருந்தினர் இல்லை, ஆயினும் முல்லைத்திணை முழுமை பெற்றுவிட்டது. புறநானூறு 188-இல் பாண்டியன் அறிவுடை நம்பி காட்டும் குழந்தையும் இத்தகையதே. குறுகுறு நடந்து, சோற்றைத் தொட்டு, துழாவி, உடலெல்லாம் பூசிக்கொள்ளும் அப்பிள்ளை ஒரு கணமும் நிற்கவில்லை. வினைச்சொற்களே அங்குப் படத்தை வரைகின்றன.

இன்று நம் தாய்மாரைக் கேமராவால் நோக்கினால், “இருப்பா, சேலை மாத்திட்டு வர்றேன்” என்பர். புலவரோ துவைக்காத அந்த ஆடையிலேதான் இல்லறத்தின் அழகைக் கண்டார். நாம் எடுக்கும் படத்துக்கும் அவர் பாட்டுக்கும் உள்ள தொலைவு இதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. குறுந்தொகைக் காட்சியைக் கண்டு நற்றாய்க்கு உரைப்பவள் செவிலி. அவள் அயலாளல்லள், வளர்த்தவள். அடுப்படி வரை செல்லும் உரிமை உடையவள். சென்றும் வேலையைத் தடுக்காமல் நின்று பார்ப்பவள். குடும்பப் படம் எடுப்போனுக்கு வேண்டிய தகுதி இதுவே. பிரான்சு நாட்டு லார்த்தீக் என்பவர் 1905-இல், பதினொரு வயதுச் சிறுவனாக, தம் உறவுப்பெண் படிக்கட்டிலிருந்து பாயும் கணத்தைப் படமாக்கினார். அச்சிறுவனின் படங்களை 1963-இல் நியூயார்க் நவீன கலைக்கூடம் காட்சிக்கு வைத்தது. வீட்டுப்பிள்ளையாக இருந்ததே அவர் பெற்ற பெரும்பேறு. நம் பினாங்கின் இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி, அன்றாட வாழ்வின் எளிய பொருள்களைக் கலையாக்கினார். கருப்பொருளே பேசவல்லது என்பதற்கு அவர் படங்கள் சான்று.

இஃது ஏட்டுச் சுவைக்காக மட்டும் எழுந்த ஆராய்ச்சியன்று. தோட்டப்பள்ளியில் பணியாற்றும் நான் மாணவர் வீடுகளில் பல ஆல்பங்களைக் கண்டிருக்கிறேன். பாட்டியின் திருமணப் படம் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட பாட்டி, மங்கு துடைத்த விரல், காண்டா வாளி சுமந்த தோள் எதுவும் இராது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயமும் போயிற்று; படமும் இல்லையெனில், பேரன் எதைக்கொண்டு அறிவான்? கைப்பேசி வந்தபின் படங்கள் பெருகின, சட்டம் மாறவில்லை. ‘அசையாதே’ என்றவர் இப்போது ‘சிரி’ என்கின்றனர். அவ்வளவே வேறுபாடு.

ஆதலின் தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். அகத்திணை நடத்தும் வாரத்தில் மாணவரை வீட்டில் ஒரே ஒரு படம் எடுத்துவரச் சொல்க. படத்தில் எவரும் கேமராவைப் பார்த்தலாகாது. கைகள் ஏதேனும் செய்துகொண்டிருத்தல் வேண்டும். சமையலறை வாயிலின் ஒளியே போதும். படத்தின்கீழ் முதல், கரு, உரி மூன்றையும் மும்மூன்று சொற்களில் எழுதட்டும். அகத்துள் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. வீட்டாரின் இசைவின்றி அப்படத்தை ஊரறியப் பரப்பலாகாது என்று அவ்விதியை இன்றைக்கு விரித்துச் சொல்லலாம்.

வீட்டின் நாட்களுள் விழாநாள் சிலவே. எஞ்சிய நாட்களிலேதான் தாய் தாயாகவும் தந்தை தந்தையாகவும் வாழ்கின்றனர். அந்நாட்களைப் பாடிய மொழிக்குரியவர் அவற்றைப் படமாக்கவும் கற்றல் வேண்டும்.