பேன் பார்க்கும் கை: குரங்கு, பண்பாடு, தீண்டல்

கூமாப்பட்டியைத் தாண்டிப் பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் ஒரு புளியமரத்தடி. நாட்டுக்குரங்குகள் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ள, மற்றது அதன் பிடரிமயிரை வகிர்ந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. கூட வந்த நண்பரிடம், சிம்பன்சிகள் இப்படிப் பேன் பார்ப்பதில் குழுவுக்குக் குழு பண்பாட்டு வேறுபாடு உண்டென்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "போங்க தோழர், குரங்குக்கு என்ன பண்பாடு?" அந்தச் சிரிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தகவல். தான்சானியாவின் மகாலே மலைச் சிம்பன்சிகளைப் பற்றி மக்ரூ, டுடின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அங்கே இரண்டு சிம்பன்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்குமேல் தூக்கிக் கோத்துக்கொண்டு, மற்றக் கையால் பேன் பார்க்கின்றன. அதே தாங்கான்யிக்கா ஏரிக்கரையில், ஜேன் குடால் 1960 முதல் ஆய்வு செய்த கோம்பேயில், இந்தக் கைகோப்பு இல்லை. மகாலேயிலேயே பக்கத்துப் பக்கத்துக் குழுக்களிலும் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் உள்ளங்கையோடு உள்ளங்கை கோக்கிறார்கள். மற்றதில் பெரும்பாலும் மணிக்கட்டோடு மணிக்கட்டை வைக்கிறார்கள். (குரங்குக்கு 'ஆர்' விகுதியா என்று கேட்காதீர்கள். இலக்கணத்தில் உயர்திணையை யாருக்கு ஒதுக்கினோம் என்பதும் விவாதத்துக்குரியதுதான்.) 1999-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் ஏழு நீண்டகால ஆய்வுகளின், மொத்தம் 151 ஆண்டுக் கவனிப்புகளைத் தொகுத்தார்கள். 39 நடத்தைகள் சில குழுக்களில் வழக்கமாகவும் வேறு சிலவற்றில் இல்லாமலும் இருந்தன. சூழலால் வரும் வேறுபாடுகளைக் கழித்த பிறகு எஞ்சிய கணக்கு இது. இவை ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகி வந்தவை என்பது அவர்கள் வாதம்.

நண்பர் ஏன் சிரித்தார்? நம்முடைய 'பண்பாடு' என்ற சொல்லுக்குள் 'பண்பு' உட்கார்ந்திருக்கிறது. சொன்ன உடனே உயர்வு, பெருமை, பொற்காலம் எல்லாம் வந்துவிடுகின்றன. மனிதன்/விலங்கு என்ற எதிர்வில் மனிதன் பக்கம் மட்டும் பட்டா போட்டு வைத்திருக்கும் சொத்து அது. ஆய்வாளர்களின் சொல்லாடலில் பண்பாடு என்பது மூன்றே விசயம்: பிறரிடமிருந்து கற்றது, குழுவுக்குக் குழு மாறுவது, வேறு மாதிரியும் இருந்திருக்கக்கூடியது. நல்லது கெட்டது என்ற பேச்சே அதில் கிடையாது. நம்மூர் வாயில் சொன்னால் 'வழக்கம்'. குரங்குக்கு வழக்கம் உண்டு என்றால் நண்பரும் சிரித்திருக்க மாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மனிதரைக் குரங்கோடு ஒப்பிட்டதற்கு ஓர் அழுக்கான காலனிய வரலாறு இருக்கிறது. குரங்காய்வுக்குள்ளேயே இனமும் பாலும் எப்படிக் கதையாடலாக நுழைகின்றன என்பதை டோனா ஹாராவே 1989-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். எனவே நான் எந்த மனிதரையும் குரங்கோடு ஒப்பிடவில்லை. அந்த வரையறையை மட்டும் எடுத்து வந்து நம் வழக்கத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

பேனும் உண்ணியும் எடுப்பது ஒரு பக்கம். உகாண்டாவின் புடோங்கோ காட்டுச் சிம்பன்சிகள் நெருங்கிய கூட்டாளியோடு பேன் பார்த்த பிறகு அவற்றின் சிறுநீரில் ஆக்சிடோசின் கூடியிருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. தொடுவதில் உறவு உண்டாகிறது. உடனே சமத்துவம் என்று உருகிவிட வேண்டாம். பல குரங்கினங்களில் அடுக்கில் கீழே இருப்பது மேலே இருப்பதற்குத்தான் அதிகம் பார்த்துவிடுகிறது. அதிகாரமும் தொடுதல் வழியாகவே ஓடுகிறது.

நம் ஊர் அடுக்கும் ஓரளவு இப்படித்தான். சவரத் தொழிலாளி ஆதிக்க சாதியின் தலையைத் தொட வேண்டும்; தொட்ட பிறகும் அவர் கீழே. அவர் வீட்டுப் பெண்கள் ஊர்ப் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்திய மருத்துவச்சிகள், அவர்களும் கீழே. ஆனால் யாருடைய கையும் படக்கூடாத தலை என்று ஒரு மக்கள் கூட்டத்தையே ஒதுக்கி வைத்தது நம்முடைய கண்டுபிடிப்பு.

நான் படித்த ஊரில் என் வகுப்புத் தோழன் ஒருவன் முடிவெட்ட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவான். ஊருக்குள்ளேயே சலூன் இருந்தது. அதில்தான் எனக்கு வெட்டினார்கள். "டவுன்லதான் ஸ்டெப் கட்டிங் நல்லா வெட்டுவாங்க" என்பான். நானும் நம்பினேன், அல்லது நம்புவது வசதியாக இருந்தது. பல வருசம் கழித்துக் கேட்டபோது அந்த சலூன்காரர் சொன்னார்: "எனக்கென்ன தம்பி? அவுகளுக்கு வெட்டுனா மத்தவுக வரமாட்டாக. ஊர் வழக்கம்." அவர் பயத்தில் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. நான் ஏன் கேட்கவில்லை?

1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் (இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்) 'கடை' என்பதற்கு வரையறை சொல்லும்போது முடிதிருத்தகத்தையும் சலவையகத்தையும் தனியே பெயர் சொல்லிச் சேர்க்கிறது. சாதி தலைமயிரிலும் அழுக்குத் துணியிலும் இருக்கிறது என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பண்பாட்டு ஆய்வுகள் பலவற்றுக்கு இன்னும் தெரியவில்லை.

அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வு மையத்தில் கைகோத்துப் பேன் பார்ப்பதை 1992-இல் ஒரு பெண் சிம்பன்சி தொடங்கிவைத்து, பிறகு அது குழுவில் பரவியது என்று டி வால், செரெஸ் இருவரும் 1997-இல் எழுதினார்கள். வழக்கம் என்பதற்கு ஒரு தொடக்கம் உண்டு, தொடங்கிய கை உண்டு. 'காலங்காலமா இருக்கு', 'ரத்தத்துல ஊறுனது' என்று சொல்லிச் சாதியை இயற்கையாக்கும் பேச்செல்லாம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

தமிழ்ப் பண்பாடு பற்றி அடுத்த கருத்தரங்கக் கட்டுரை எழுதும் தோழர்கள் அதற்குமுன் தங்கள் ஊர் சலூனுக்கு ஒருமுறை போய்வரட்டும். அந்த நாற்காலியில் யார் யார் உட்காரலாம் என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் கட்டுரையில் சேர்க்கட்டும்.